48 மணி நேர கேமுக்கு என்ன எழுதி அனுப்புவது?

ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு வாட்ஸாப்பில் ஒரு லிங்க் வந்தது. "அண்ணா, ஜாமுக்குப் போட்டாச்சு. விளையாடிப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க. ஒளிக்காம சொல்லுங்க." அனுப்பியவன் முன்பு என்னோடு ஒரே அலுவலகத்தில் இருந்த தம்பி. ஜாம் என்பது கொடுத்த தலைப்பில், இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு வீடியோ கேமைச் செய்து முடிக்கும் போட்டி; முடிந்ததும் ஒருவர் கேமை ஒருவர் விளையாடி மதிப்பெண் போடுவார்கள். இரண்டு இரவு சரியாகத் தூங்காமல், தனி ஆளாக ஒரு தவளை கேம் செய்திருந்தான். தவளை ஒவ்வொரு முறை தாவும்போதும் கொஞ்சம் சிறுக்கும். சிறுத்தால் தாவும் உயரம் குறையும், ஆனால் சந்து பொந்தில் நுழையலாம். ஈயைப் பிடித்துத் தின்றால் பழைய அளவுக்கு வளரும். மொத்தம் நான்கு லெவல்.

விளையாடி முடிக்க எனக்குப் பத்தொன்பது நிமிடம். என்ன பதில் போடுவது என்று யோசிக்க அதைவிட அதிக நேரம் பிடித்தது. முந்தைய ஜாமின்போது "கலக்கிட்டடா" என்று அனுப்பியிருந்தேன். அவன் ஒரு கைகூப்பு எமோஜி போட்டான், பேச்சு அங்கேயே முடிந்தது. இந்த முறை உருப்படியாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று, கையில் உள்ள வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். ஜாம் கேமை முழு கேமைப் போல அளக்கக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்பதற்கு, 2002 ஏப்ரலில் ஜெஃப் ஹௌலண்ட் தொடங்கிய லுடும் டேர் என்ற இணையப் போட்டியைப் பார்த்தால் போதும். அதன் காம்போ பிரிவில் நெடுங்காலமாக இருந்த விதி இது: 48 மணி நேரம், ஒரே ஆள், நிரல், படம், ஒலி எல்லாம் அந்த நேரத்துக்குள் அவரே செய்தது. ஜாம் பிரிவில் 72 மணி நேரம், குழுவாகச் சேரலாம். இப்படிச் செய்த கேமைப் பார்த்து "இசை போதவில்லை, லெவல் குறைவு" என்று எழுதினால் செய்தவருக்கு அது புதிய செய்தியே கிடையாது. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, இசையா நான்காவது லெவலா என்று தவித்து அவரே வெட்டித் தள்ளியதுதான் அது.

அவருக்குத் தெரியாதது வேறு. தன் கேமை அவர் நூறு இருநூறு தடவை ஓட்டியிருப்பார். எந்தப் பாறை எங்கே இருக்கிறது என்று விரலுக்கே தெரியும். ஒன்றும் தெரியாத ஒருவர் கையில் அது என்ன ஆகிறது என்பதை அவரால் பார்க்கவே முடியாது. எனக்கு இதுதான் உரைகல். அந்தத் தெரியாத பகுதியில் எவ்வளவை எடுத்துக் கொடுக்கிறது என்பதை வைத்தே ஒவ்வொரு வழியையும் எடை போட்டேன்.

நட்சத்திரம் மட்டும் குத்துவது

மிகச் சுலபம். லுடும் டேரில் மொத்த மதிப்பு, சுவாரசியம், புதுமை, தலைப்புப் பொருத்தம், படம், ஒலி, நகைச்சுவை, சூழல் என்று எட்டு வகைக்கு ஒன்று முதல் ஐந்து வரை போடலாம். சுவாரசியத்துக்கு மூன்று என்று போட்டால் அதில் செய்தவர் என்ன படிப்பார்? ஒன்றும் படிக்க முடியாது.

ஆனாலும் போடாமல் விடக் கூடாது. அங்கே குறைந்தது 20 பேர் மதிப்பெண் போட்டால்தான் ஒரு கேமுக்கு முடிவே வரும். கேம்களை வெளியிடும் தளமான இட்ச்.ஐஓவில் நடக்கும் ஜாம்களில் கணக்கு வேறு விதம். ஜாமில் உள்ள கேம்கள் பெற்ற ஓட்டு எண்ணிக்கைகளை வரிசையாக அடுக்கி நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொண்டு, அதைவிடக் குறைவாக ஓட்டு வாங்கியவற்றின் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். நடு எண் 10 என்று வையுங்கள். உங்கள் கேமுக்கு 5 பேர் மட்டும் ஓட்டுப் போட்டு, சராசரி 4 வந்திருக்கிறது. 5-ஐ 10-ஆல் வகுத்து, அதன் வர்க்கமூலத்தால் 4-ஐப் பெருக்குவார்கள். கிடைப்பது சுமார் 2.83. நல்ல கேம் என்று ஐந்து பேர் சொல்லியும் தரவரிசையில் கீழே போய்விடும். ஆகவே நட்சத்திரம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மாதிரி. போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

ஒரு வரிப் பாராட்டு

நம் ஊர் மொய் நோட்டு இதுதான். லுடும் டேரில் நீங்கள் மற்றவர்களின் கேம்களுக்கு மதிப்பெண்ணும் கருத்தும் கொடுக்கக் கொடுக்க, உங்கள் கேம் மற்றவர் கண்ணில் படும் இடத்துக்கு மேலே வரும். அதனால் "அருமை, ஓவியம் அழகு, என்னுடையதையும் விளையாடிப் பாருங்கள்" என்று வரிசையாக விழும். இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. மொய் இல்லாமல் பல கல்யாணம் நடந்திருக்காது. இது இல்லாமல் பல கேம் இருபது ஓட்டைத் தொட்டிருக்காது. ஆனால் "ஒளிக்காம சொல்லுங்க" என்று கேட்டவனுக்கு மொய் எழுதிவிட்டு வருவது நியாயம் இல்லை.

பாராட்டு, குறை, மறுபடி பாராட்டு

அலுவலகத்தில் பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்களுக்குப் பிடித்த முறை. இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவில் குறையை வைத்துக் கொடுப்பது. நம் பேச்சில் இதற்கு ஏற்கெனவே ஒரு வடிவம் இருக்கிறது: "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." அந்த "தான்" காதில் விழுந்ததுமே கேட்பவர் "ஆனா"வுக்குத் தயாராகிவிடுவார். முன்னால் சொன்ன நல்லது எதுவும் மனதில் நிற்காது. கடைசியில் வரும் பாராட்டு, ஊசி போட்ட பிறகு கையில் திணிக்கிற மிட்டாய்.

இதில் காப்பாற்ற வேண்டியது ஒன்று உண்டு. முதல் முறை ஜாமில் இறங்கியவருக்குப் பாராட்டும் தகவல்தான், எந்த இடம் என்று சொன்னால். "கேம் நல்லா இருக்கு" என்பதை வைத்து அவர் ஒன்றும் செய்ய முடியாது. "கடைசிக் குழாய்க்குள் நுழைய வேண்டுமென்றே வீணாகத் தாவித் தாவிச் சிறுத்தேன், நானே கண்டுபிடித்தது மாதிரி இருந்தது" என்றால், அடுத்த பில்டில், அதாவது கேமின் அடுத்த பதிப்பில், எதைத் தொடக் கூடாது என்று அவருக்குத் தெரிந்துவிடும். குறையை எல்லோரும் இடம் சுட்டிச் சொல்கிறோம், நல்லதை மட்டும் மொத்தமாகச் சொல்லிவிடுகிறோம்.

தீர்வு சொல்வது

எனக்கு மிகவும் பிடித்த வழி. நான் அதிகம் தப்பு செய்ததும் இதில்தான். ஒரு கேமைக் கையில் எடுத்த ஐந்தாவது நிமிடம் மூளை தானாகவே வடிவமைக்கத் தொடங்கிவிடும். "டபுள் ஜம்ப் வையேன்டா." அந்தரத்தில் இருக்கும்போதே இன்னொரு முறை தாவுவதுதான் அது. தவளை கேமுக்கு டபுள் ஜம்ப் வைத்தால் ஒவ்வொரு தாவலும் விலை கேட்கிறது என்ற அதன் உயிரே போய்விடும். நான் சொன்னது நான் செய்திருக்கக்கூடிய வேறொரு கேமுக்கான யோசனை.

அதோடு, காலமும் பார்க்க வேண்டும். ஓட்டுப் போடும் நாட்களில் பல ஜாம்களில் கேமை மாற்றவே விடமாட்டார்கள். லுடும் டேரில் விளையாட முடியாமல் செய்கிற பிழையை (பக்) திருத்த அனுமதி உண்டு, புது லெவல் சேர்க்க அனுமதி இல்லை. ஆக "இன்னும் இரண்டு எதிரி வைக்கலாம்" என்பதை வைத்து அன்றைக்கு அவர் ஒன்றும் செய்ய முடியாது.

விதிவிலக்கு, மருந்து ஏற்கெனவே தெரிந்த நோய்கள். இவற்றுக்கு நேராகத் தீர்வையே சொல்லிவிடலாம். பிரவுசரில் ஓடும் கேமில் அம்புக்குறி விசையை அழுத்தினால் பக்கமே கீழே உருளும். குரோமில் 2018-லிருந்து, பயனர் ஒருமுறை கிளிக் செய்யும்வரை ஒலி தானாக ஓடாது. தொடக்கத்தில் ஒரு "விளையாடு" பட்டன் வைத்தால் தீர்ந்தது. டபிள்யூ, ஏ, எஸ், டி விசைகளால் நடக்க வைத்த கேம் பிரெஞ்சு கீபோர்டில் விரலை முறுக்கும், ஏனென்றால் அங்கே அந்த இடங்களில் இருப்பது இசட், க்யூ, எஸ், டி. எழுத்தை விட்டு விசையின் இடத்தைக் கொண்டு அமைக்க, கேம் செய்ய உதவும் கோடோ மென்பொருளில் வசதி இருக்கிறது.

தாவல் சம்பந்தப்பட்ட ஒன்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஜாம் கேம்களில் பாதிப் புகார் இதைப் பற்றியது என்பது என் அனுபவம். விளிம்புக்கு வந்து பட்டனை அழுத்துகிறோம், பாத்திரம் தாவாமல் கீழே விழுகிறது. "நான் அழுத்தினேனே!" என்போம். கணக்குப்படி, அழுத்தும்போது கால் தரையை விட்டு இரண்டு மூன்று ஃபிரேம், அதாவது திரையில் படம் இரண்டு மூன்று முறை மாறும் நேரம், ஆகியிருக்கும். கம்ப்யூட்டர் சொல்வது சரி, ஆனால் கை அதை ஒப்புக்கொள்ளாது. இதற்குக் கயோட்டி டைம் என்று ஒரு வைத்தியம் உண்டு. பழைய கார்ட்டூனில் மலை விளிம்பைத் தாண்டி ஓடிய பிறகும், கீழே பார்க்கும்வரை விழாமல் அந்தரத்தில் நிற்குமே ஓநாய் மாதிரி ஒன்று, அதன் பெயரில் வந்தது. தரையை விட்ட பிறகும் ஐந்தாறு ஃபிரேமுக்குத் தாவலை ஏற்றுக்கொள்வது. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் அது ஏறக்குறைய நொடியில் பத்தில் ஒரு பங்கு. "தாவல் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் செய்தவர் புவியீர்ப்பு எண்ணைக் கூட்டிக் குறைத்து ஒரு வாரம் வீணாக்குவார். "விளிம்பில் அழுத்தும்போது விழுகிறேன், நடுவில் நின்றால் பிரச்சினை இல்லை" என்றால் அன்று மாலையே கண்டுபிடித்துவிடுவார்.

நடந்ததை நடந்தபடி எழுதுவது

கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது இதைத்தான். இதில் தீர்ப்பும் யோசனையும் கிடையாது. விளையாடும்போது பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம். எத்தனையாவது நிமிடம், என்ன செய்தேன், என்ன நினைத்தேன். அவனுக்கு அனுப்பியதைச் சுருக்கித் தருகிறேன்:

0:00 தலைப்புத் திரை. ஸ்பேஸ் தட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. கிளிக் செய்தேன், இல்லை. என்டரில் தொடங்கியது.

0:50 தாவுகிறேன். ஒவ்வொரு தாவலுக்கும் கேமரா பின்னால் போகிறது என்று நினைத்தேன். தவளைதான் சிறுக்கிறது என்று ஆறாவது தாவலில், தற்செயலாக ஒரு குழாய்க்குள் நுழைந்தபோது தெரிந்தது. சத்தமாகச் சிரித்தேன்.

3:10 இரண்டாம் லெவல். ஈ வந்தது. எதிரி என்று நினைத்து ஒதுங்கிப் போனேன். ஈ இல்லாமலே முடித்துவிட்டேன்.

5:30 மூன்றாம் லெவல், பள்ளம். 11 முறை செத்தேன். நான்கு முறை விளிம்பில் அழுத்தியும் தாவவில்லை. ஒவ்வொரு முறையும் லெவலின் தொடக்கத்துக்குப் போனது.

12:00 எரிச்சலில் ஈ மேலேயே மோதினேன். தவளை வளர்ந்தது. "அடப்பாவி" என்றேன்.

12:40 முதல் முடிவுவரை. நான்காம் லெவல். ஒரு தடவைகூட நிறுத்தத் தோன்றவில்லை.

இதில் எங்கேயும் "கஷ்டமாக இருக்கிறது" என்று நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் அவன் பள்ளத்தின் அகலத்தைக் குறைத்திருப்பான். கோளாறு பள்ளத்தில் இல்லை, ஒன்பது நிமிடம் முன்னால், ஈயை எதிரி என்று நினைத்து ஒதுங்கிய இடத்தில். இரண்டாம் லெவல் ஈயைத் தின்ன வைக்காமலே என்னை அனுப்பிவிட்டது. ஆடும்போது எனக்கே இது தெரியாது. எழுதி வரிசைப்படுத்திய பிறகுதான் தெரிந்தது. விளையாடுகிறவர் வலி எங்கே என்று சரியாகச் சொல்வார், ஆனால் நோய் வேறு இடத்தில் இருக்கும். வரிசையாக எழுதிக் கொடுத்தால் இரண்டும் செய்தவர் கண் முன்னால் இருக்கும்.

இதன் குறையும் சொல்ல வேண்டும். நேரம் பிடிக்கும். ஜாமில் நாற்பது கேம் விளையாட நினைப்பவருக்கு இது கட்டுப்படியாகாது. எழுதிக்கொண்டே ஆடினால் ஓட்டம் கெடும்; அதனால் சாகும்போது மட்டும் எழுதுவது என் வழக்கம். அப்புறம், நடந்ததை எழுதும்போது கை தானாகவே நம்மைக் கெட்டிக்காரராகக் காட்டும். கேமரா என்று நினைத்ததை அழிக்கப் பார்த்தேன், வெட்கமாக இருந்தது. அந்த வரிதான் அவனுக்கு அதிகம் பயன்பட்டது என்பது பிறகு தெரிந்தது.

திரையைப் பதிவு செய்து அனுப்புவது

மேலே சொன்னதன் அண்ணன். தயக்கம், தப்பாகப் போன விரல் எல்லாம் அப்படியே தெரியும். நான் எழுத மறந்ததும் இருக்கும். தாவல், ஓட்டம், சுடுதல் மாதிரி கைப்பழக்கம் சார்ந்த கேமுக்கு எழுத்தைவிட இதுவே மேல். விளிம்பில் நான் அழுத்தியதையும் தவளை விழுந்ததையும் ஃபிரேம் ஃபிரேமாகப் பார்க்கலாம். புதிர் கேமுக்கு வாய்விட்டு யோசித்துக்கொண்டே ஆடினால்தான் பயன். மௌனப் பதிவில் ஒரு மனிதர் நான்கு நிமிடம் அசையாத திரையைப் பார்ப்பது மட்டும்தான் இருக்கும்.

ஆனால் பதிவு ஓடுகிறது என்று தெரிந்ததும் சிலர் விமர்சகர் ஆகிவிடுவார்கள், வேடிக்கை பேசத் தொடங்குவார்கள். முக்கியமான விஷயம், பதிவை லிங்க் திறக்கும் முன்பே தொடங்கிவிட வேண்டும். முதல் தடவை ஒரு தடவைதான் வரும். நான் லிங்க் வந்த வேகத்தில் திறந்துவிட்டேன், அந்த வாய்ப்பு போனது.

பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது

கிடைக்கும் தகவலில் இதை அடிக்க ஒன்றும் இல்லை, செய்தவர் வாயைத் திறக்காமல் இருந்தால். இருக்க மாட்டார். "அங்க ஈ இருக்கு பாருங்க" என்ற ஒரு வார்த்தையில் ஒன்பது நிமிடச் செய்தி அழிந்துவிடும். இணையதளங்களை வைத்து, பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியது, ஐந்து பேரைப் பார்த்தாலே பயன்பாட்டுச் சிக்கல்களில் சுமார் 85 சதவீதம் வெளிவந்துவிடும் என்று. கேமுக்கு அதே கணக்கு அப்படியே வருமா என்பது வேறு, ஆனால் ஐந்து பேர் போதும் என்பது தனி ஆளுக்கு ஆறுதலான எண். ஜாம் முடிந்து கேமை வளர்க்கப் போகிறவர் இதைச் செய்தே ஆக வேண்டும். ஒரு ஞாயிறு இரவு, வேறு ஊரில் இருக்கும் தம்பிக்கு இது நடக்காது.

கேள்வி கேட்பது

அமெரிக்க நடன இயக்குநர் லிஸ் லெர்மன், படைப்பைப் பற்றிக் கருத்துச் சொல்வதற்காக 1990-இல் உருவாக்கத் தொடங்கிய ஒரு முறை இருக்கிறது. நான்கு படி: படைப்பில் எது மனதைத் தொட்டது என்று பார்த்தவர்கள் சொல்வது; பிறகு படைத்தவர் கேள்வி கேட்பது; பிறகு பார்த்தவர்கள் சார்பில்லாத கேள்வி கேட்பது; கடைசியாக, அனுமதி கேட்டுவிட்டுக் கருத்து. பத்தொன்பது நிமிட கேமுக்கு இதை முழுதாக நடத்துவது ஒரு வடைக்குத் தலைவாழை இலை விரிப்பது. ஆனால் மூன்றாவது, நான்காவது படிகளை நான் எடுத்துக்கொண்டேன். "ஏன்டா இவ்ளோ கஷ்டமா வெச்சிருக்க?" என்பது கேள்விக்குறி போட்ட வசவு. "மூணாவது லெவலுக்கு வர்றவங்களுக்கு ஈ பத்தி என்ன தெரிஞ்சிருக்கும்னு நெனச்ச?" என்பது கேள்வி. அனுமதி கேட்பதும் வெறும் மரியாதைக்கு இல்லை. தூக்கமில்லாத ஆளிடம் "தாவல் பத்தி ஒரு யோசனை இருக்கு, இப்ப சொல்லவா, அடுத்த வாரமா?" என்று கேட்டால் பெரும்பாலும் அடுத்த வாரம் என்பார். அடுத்த வாரம்தான் அவருக்குக் காதும் கேட்கும்.

எதை எப்போது

என் முடிவை ஒரே விதியாகச் சொல்ல முடியாது. அது செய்தவர் இந்த கேமை என்ன செய்யப் போகிறார் என்பதைப் பொறுத்தது. சில கேம்கள் ஜாமிலிருந்து எழுந்து போகின்றன. அர்வி டெய்காரியின் பாபா இஸ் யூ 2017 நார்டிக் கேம் ஜாமில் பிறந்து 2019 மார்ச்சில் முழு கேமாக வந்தது. சர்ஜன் சிமுலேட்டர் 2013 ஜனவரி குளோபல் கேம் ஜாமில் செய்து, அதே ஆண்டு ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. பெரும்பாலானவை அந்த வார இறுதியோடு நின்றுவிடும், அதில் தப்பும் இல்லை. நிற்கப் போகிற கேமுக்குத் தாவல் எண்ணைத் திருத்தச் சொல்லி என்ன பயன்? அங்கே பேச வேண்டியது அடுத்த ஜாமைப் பற்றி: "நாலு லெவலுக்குப் பதில் மூணு செஞ்சிருந்தா ஈயைச் சொல்லித்தர நேரம் இருந்திருக்குமா?"

ஆகவே முன்பின் தெரியாதவர் கேம், கையில் ஐந்து நிமிடம் என்றால் நட்சத்திரமும், இடம் சுட்டிய ஒரு பாராட்டும், ஓட விடாத பக் ஏதாவது இருந்தால் அதுவும். அடுத்த ஆளுக்கு உதவுகிற "என்டரை அழுத்துங்கள்" மாதிரியானதை எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதுவேன். பதினொரு முறை செத்த கதையைத் தனியாக அனுப்புவேன். கருத்துகளில் முதலாவதாக அது நின்றால் பின்னால் வருகிறவர் கேமைத் திறக்காமலே போய்விடலாம். தெரிந்தவர், கேட்டவர், அரை மணி நேரம் இருக்கிறது என்றால் நடந்ததை நடந்தபடி. கேமை வளர்க்கப் போகிறார் என்றால் பதிவு, பிறகு பக்கத்தில் உட்காருவது.

தம்பிக்கு அந்த நேர வரிசையையும், ஈயைப் பற்றிய ஒரு கேள்வியையும் அனுப்பிவிட்டுத் தூங்கினேன். காலையில் ஒரே ஒரு பதில் வந்திருந்தது. "அண்ணா, கேமரான்னா நெனச்சீங்க?" அடுத்து இருபது நிமிடம் அதைப் பற்றி மட்டுமே பேசினோம். பின்னணியில் வெறும் குளத்து நீர் மட்டும் இருந்ததால் அளவு ஒப்பிட எதுவுமே இல்லை என்று அவனே கண்டுபிடித்தான். ஓட்டு முடிந்த வாரம் புது பில்ட் அனுப்பினான். இப்போது ஒவ்வொரு தாவலிலும் தவளையின் பழைய அளவு ஒரு மெல்லிய கோடாக அரை நொடி நிற்கிறது. இரண்டாம் லெவலின் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு ஈ, தின்னாமல் போகவே முடியாது.

நன்றாக இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் தவளை சிறுக்கும் என்று எனக்கு முன்பே தெரியும், என் சொல்லுக்கு இனி மதிப்பு இல்லை. லிங்கை என் அக்கா பையனுக்கு அனுப்பியிருக்கிறேன், முதலில் ரெக்கார்ட் பட்டனை அழுத்திவிட்டுத் திறக்கச் சொல்லி.